புற்றுநோய் மாடலைப் போட்டிக்கு அனுப்புகிறவர்களுக்கு: சில கேள்விகள், சில பதில்கள்

போன சனிக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் டேட்டா படிப்பு வட்டம் கூடியது. புற்றுநோயாளிகளின் உயிர்வாழ்வைக் கணிக்கும் கணினி மாடல்களை இணையப் போட்டிகளுக்கு அனுப்புவது பற்றிப் பேச்சு வந்ததும் கேள்விகள் நிற்கவே இல்லை. தே தாரேக் ஆறியதுதான் மிச்சம். அங்கே அரைகுறையாகச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

அண்ணா, எனக்கு சி-இண்டெக்ஸ் 0.68 வருகிறது. 68 சதவீதம் சரியாகக் கணிக்கிறது என்று அர்த்தமா? (செராஸ் மாணவர்)

இல்லை தம்பி. நோயாளிகளை இரண்டிரண்டு பேராக எடுத்துக்கொள். இருவரில் யார் முதலில் இறந்தார் என்பது நமக்குத் தெரியும். உன் மாடல் அந்த வரிசையைச் சரியாகச் சொன்னதா என்று மட்டும்தான் பார்க்கிறோம். நூறு ஜோடியில் 68-இல் வரிசை சரி, அவ்வளவே. காசைச் சுண்டினாலே 0.5 கிடைத்துவிடும் என்பதையும் மறக்காதே.

எல்லா ஜோடியையும் எண்ணவும் முடியாது. ஈப்போவிலிருந்து வந்து இங்கே சிகிச்சை எடுத்த ஒருவர், இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு மருத்துவமனைப் பக்கம் வரவில்லை என்று வை. இருக்கிறாரா இல்லையா, தெரியாது. இன்னொருவர் ஐந்தாம் ஆண்டில் இறந்தார். இவர்களில் யார் முந்தி? சொல்ல முடியாது, அந்த ஜோடியை விட்டுவிடுகிறோம். அதே ஈப்போக்காரரை முதலாம் ஆண்டில் இறந்த ஒருவரோடு சேர்த்தால் ஜோடி செல்லும். இப்படிப் பாதியில் நின்றுபோன தகவலைத்தான் சென்சாரிங் என்கிறார்கள். இவர்களை மொத்தமாக நீக்கிவிட்டுச் சாதாரண ரிக்ரெஷன் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செய்யாதே. 1972-இல் புள்ளியியலாளர் காக்ஸ் கொடுத்த முறை இவர்களையும் வைத்துக்கொண்டே கணக்குப் போடும்.

எனக்கு சி-இண்டெக்ஸ் 0.31 வந்தது. கணினியை மூடிவிட்டுப் படுத்துவிட்டேன். (காஜாங் மாணவி)

எழுந்திரும்மா, உன் மாடல் 0.69! குறி புரண்டு வரிசை தலைகீழாகியிருக்கிறது, வேறொன்றுமில்லை; ஒன்றிலிருந்து 0.31-ஐக் கழித்துப் பார். பைத்தான் மொழியில் இதற்கு இரண்டு நிரல் தொகுப்புகள் உண்டு. லைஃப்லைன்ஸ் என்பது சி-இண்டெக்ஸைக் கணக்கிடும்போது, எண் பெரிதாக இருந்தால் ஆயுள் அதிகம் என்று எடுத்துக்கொள்ளும். சைகிட்-சர்வைவல் அதற்கு நேர்மாறு: எண் பெரிதானால் ஆபத்து அதிகம். ஒன்றில் பழகியவர்கள் மற்றதற்குப் போனால் தலைகீழாகத்தான் விழுவார்கள். போட்டி விதியில் எந்தப் பக்கம் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டு ஒரு கழித்தல் குறி போடு, சரியாகிவிடும்.

ஒரே மாதத்தில் எண்பது முறை அனுப்பி இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டேன். பரிசு நிச்சயம்தானே? (கிள்ளான் நண்பர்)

எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2012-இல் சேஜ் பயோநெட்வொர்க்ஸ் என்ற ஆய்வு அமைப்பும் ட்ரீம் என்ற போட்டி அமைப்பும் சேர்ந்து நடத்திய மார்பகப் புற்றுநோய்ப் போட்டியைப் பாருங்கள். பயிற்சிக்குக் கொடுத்தது மெட்டாப்ரிக் என்ற தொகுப்பு; நோயாளிகளின் மருத்துவத் தகவலோடு கட்டியின் ஜீன் தகவலும் அதில் உண்டு. பிரிட்டன், கனடாவைச் சேர்ந்த ஏறத்தாழ 2,000 பெண்கள். கணிப்பை மட்டும் அனுப்பினால் போதாது. ஆர் மொழியில் எழுதிய நிரலையே சினாப்ஸ் தளத்தில் ஏற்ற வேண்டும், அவர்கள் ஓட்டிப் பார்த்து மதிப்பெண் பட்டியலில் போடுவார்கள். ஆனால் வெற்றி அந்தப் பட்டியலை வைத்து முடிவாகவில்லை. நார்வேயில் 184 பெண்களின் கட்டி மாதிரிகளிலிருந்து புதிதாகத் தகவல் எடுத்து, போட்டியாளர் எவர் கண்ணிலும் படாத அந்தத் தகவலில்தான் கடைசித் தேர்வை வைத்தார்கள்.

ஏன் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஒரு போட்டியில், நடக்கும்போதே எல்லாருக்கும் காட்டும் பொதுப் பட்டியலில் முதல் பத்துக்குள் இருந்தேன். வீட்டில் எல்லாரிடமும் சொல்லியும் விட்டேன். இறுதிப் பட்டியல் வந்தபோது பாதிக்கும் கீழே கிடந்தேன். மதிப்பெண் 0.002 ஏறினால் அந்த மாற்றத்தை வைத்துக்கொள்வேன், இறங்கினால் எறிவேன். இதையே அறுபது எழுபது முறை செய்திருந்தேன். இருநூறு பேர் கொண்ட சோதனைத் தொகுப்பில் சி-இண்டெக்ஸ் 0.03 அளவுக்குத் தற்செயலாகவே அசையும். நான் துரத்தியது அந்த அசைவை.

இப்போது வீட்டிலேயே பயிற்சித் தகவலை ஐந்து பகுதியாகப் பிரித்து, நான்கில் பழக்கி மீதி ஒன்றில் சோதித்து, பலமுறை கலைத்துப் போட்டு, சராசரி பார்க்கிறேன். ஜீன் தேர்வு, நார்மலைசேஷன் (எண்களை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருவது) எல்லாம் ஒவ்வொரு பயிற்சிப் பகுதிக்குள் மட்டும். வீட்டு மதிப்பெண் ஏறாமல் பட்டியல் மதிப்பெண் மட்டும் ஏறினால் சந்தேகப்படுவேன்.

ஆயிரக்கணக்கில் ஜீன்கள் இருக்கின்றனவே, எல்லாவற்றையும் டீப் லேர்னிங்கில் போட்டுவிடலாமா? (சுபாங் ஜெயா)

முதலில் வயது, நோய் பரவிய நிணநீர் முடிச்சுகள், கட்டியின் அளவு, கிரேடு (புற்றுச் செல்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்ற தரம்). இந்த நான்கை வைத்து ஒரு காக்ஸ் மாடல் போடுங்கள். அதைத் தாண்டுவதே பெரும்பாடு. மேலே சொன்ன போட்டியில் ஜெயித்த கொலம்பியா பல்கலைக்கழக அணி, பலவகைப் புற்றுநோய்களில் ஒன்றாகவே ஏறி இறங்கும் ஜீன் கூட்டங்களை முன்னதாகவே கண்டுபிடித்து வைத்திருந்தது. அட்ராக்டர் மெட்டாஜீன் என்று பெயர். அந்தச் சில கூட்டங்களோடு மருத்துவத் தகவலையும் சேர்த்தார்கள். கூட்டங்களைத் தேர்ந்தெடுக்க இறப்புத் தகவலைத் தொடவில்லை, அதனால்தான் நார்வே மாதிரிகளிலும் நின்றது என்பது என் கணிப்பு.

அப்புறம் வயது விஷயத்தில் ஒரு கவனம். மெட்டாப்ரிக்கில் நோயால் இறந்தவர், வேறு காரணத்தால் இறந்தவர் என்று தனித்தனியாக இருக்கும். இரண்டையும் ஒன்றாக்கினால் வயதானவர் சீக்கிரம் இறப்பார் என்று கண்டுபிடித்ததாக ஆகிவிடும். இதற்கு மாடல் எதற்கு, பாட்டியைக் கேட்டாலே சொல்வாள்.

வெள்ளைக்காரப் பெண்களை வைத்துப் பழக்கியது நம் ஊர்ப் பெண்களுக்கு ஒத்துவருமா? (பட்டர்வொர்த்)

நல்ல கேள்வி. மார்பகப் புற்றுநோயாளிகளின் ஆயுளைக் கணிக்க பிரிட்டனில் உருவான பிரெடிக்ட் கருவியை இங்கே மலாயா பல்கலைக்கழக மருத்துவமனை நோயாளிகளிடம் சோதித்தார்கள். மொத்தத்தில் நன்றாகவே பொருந்தியது, ஆனால் 40 வயதுக்குக் கீழே உள்ள பெண்களுக்கு உள்ளதைவிடக் கூடுதல் ஆயுள் சொன்னது. சராசரி மதிப்பெண்ணில் இது தெரியாது. 2024 இறுதியில் காகில் என்ற போட்டித் தளத்தில் தொடங்கிய ஸ்டெம்செல் மாற்றுச் சிகிச்சைப் போட்டியில் ஒவ்வொரு இனத்துக்கும் தனியாக சி-இண்டெக்ஸ் கணக்கிட்டு, சராசரியிலிருந்து திட்டவிலக்கத்தை, அதாவது இனங்களுக்கிடையே மதிப்பெண் எவ்வளவு வேறுபடுகிறது என்ற அளவைக் கழித்தார்கள். ஒரு இனத்தைக் கைவிட்டு மேலே ஏற முடியாது. இங்கே ஒரு போட்டி நடந்தால் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று அப்படித்தான் வைக்க வேண்டும் என்பேன்.

என் மாமா வேலை செய்யும் மருத்துவமனையிலிருந்து டேட்டா வாங்கிப் பயிற்சிக்குச் சேர்க்கலாமா?

வேண்டாம். மலேசியாவின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தகவல் உணர்திறன் மிக்க வகையில் வருகிறது. பெயரை அழித்தால் போதும் என்று நினைக்காதே. நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் தொடாதே, மாமாவையும் மாட்டிவிடாதே.

தம்பி, என் தங்கச்சியின் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். உங்கள் மாடலில் போட்டு எத்தனை வருடம் என்று சொல்ல முடியுமா? (செந்தூலிலிருந்து வந்த அக்கா)

முடியாது அக்கா. இந்த மாடல்கள் பத்துப் பேரை வரிசையில் நிறுத்தும், அதிலும் அடிக்கடி தப்பாக நிறுத்தும். வருடக் கணக்கு அதற்குத் தெரியாது. ரிப்போர்ட்டில் புரியாத சொற்கள் இருந்தால் உட்கார்ந்து விளக்குகிறேன். டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளையும் சேர்ந்தே எழுதுவோம். அடுத்த முறை தங்கச்சியோடு நீங்களும் உள்ளே போங்கள்.