மெயில் சர்வர் லாகிலிருந்து, போய்ச் சேராத மெயில்களை மட்டும் ஒரே ரெஜெக்ஸில் எடுக்க முடியுமா?

லாகிலிருந்து, அதாவது சர்வர் தன் வேலைகளை வரி வரியாக எழுதி வைக்கும் பதிவிலிருந்து, அனுப்பியவர், பெறுநர், நிலை மூன்றையும் ஒரே ரெஜெக்ஸில் (எழுத்துகளின் அமைப்பைச் சொல்லித் தேடும் குறியீடு) பிடிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். லினக்ஸ் சர்வர், அதில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் அனுப்பும் மென்பொருள் ஓடுகிறது, மேலே யாரோ உடனே பதில் கேட்டு நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒரு வரியை மட்டும் பார்த்து இது முடியாது. போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு மெயிலின் கதையை ஒரே வரியில் எழுதுவதில்லை. அனுப்பியவர் முகவரி க்யூ மேனேஜர், அதாவது மெயில் வரிசையைக் கவனிக்கும் பகுதி, எழுதும் வரியில் இருக்கும். பெறுநரும் ஸ்டேட்டஸும் வேறொரு வரியில் வரும், நடுவில் மற்ற மெயில்களின் வரிகள் கலந்து கிடக்கும். எல்லாவற்றையும் கோப்பது க்யூ ஐடி, அதாவது வரிசையில் அந்த மெயிலுக்குக் கொடுத்த அடையாள எண். சிட்டையில் எழுதியதைப் பேரேட்டில் ஏற்றும்போது பக்க எண் போட்டு வைப்பார்களே, அந்த வேலைதான் அது செய்கிறது. அதனால் முதலில் ஸ்டேட்டஸ் டிஃபர்டு (தள்ளிவைத்தது), பவுன்ஸ்டு (திரும்பி வந்தது) என்று இருக்கும் வரிகளிலிருந்து க்யூ ஐடியை மட்டும் எடுங்கள். ஒரே ஐடி திரும்பத் திரும்ப வந்தால் ஒன்றாக்குங்கள். அப்புறம் அந்த ஐடிகள் உள்ள எல்லா வரிகளையும் கிரெப் (வரிகளைத் தேடி எடுக்கும் கட்டளை) செய்யுங்கள்.

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாததற்குக் காரணம் உண்டு. காரைக்குடியில் சில சின்ன நிறுவனங்களுக்கு சர்வர் பார்த்துக்கொடுக்கிறேன். அதில் ஒன்று ஆத்தங்குடிக் கல், அதாவது தரையில் பதிக்கும் டைல், செய்யும் பட்டறை. கண்ணாடிப் பலகைமேல் சாயக் கலவையைக் கையால் ஊற்றிச் செய்கிற வேலை, அவசரப்படுத்த முடியாது. ஆர்டர் முன்கூட்டியே உறுதியானால்தான் சொன்ன தேதிக்குக் கல் கொடுக்க முடியும். வெளியூர்க் கட்டடக்காரர் ஒருவருக்கு அனுப்பிய விலைப்பட்டியல் கெடுவுக்குள் போய்ச் சேரவில்லை, ஆர்டர் கைவிட்டுப் போனது. பழி யார் தலையில் விழுந்தது? தேவகோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து கணக்கும் மெயிலும் பார்க்கிற பெண் தலையில்.

“தம்பி, அது அனுப்பவே இல்லப்பா” என்றார் முதலாளி. “அண்ணே, சென்ட்ல இருக்கு, பாருங்க” என்றது அந்தப் பிள்ளை. சென்ட் ஃபோல்டரில் இருந்தால் நம் சர்வர் வாங்கிக்கொண்டது என்றுதான் பொருள். அங்கே போய்ச் சேர்ந்ததா என்பது லாகில்தான் தெரியும்.

பெறுநர் முகவரியைத் தேடி ஐடியை எடுத்தேன், ஐடியை வைத்து மற்ற வரிகளை எடுத்தேன். டிஃபர்டு, டிஃபர்டு, டிஃபர்டு. எதிர்முனை சொன்ன பதில் 452 4.2.2, அதாவது அவருடைய மெயில்பாக்ஸ் நிறைந்துவிட்டது. 4-இல் தொடங்கினால் தற்காலிகத் தடை, 5-இல் தொடங்கினால் நிரந்தர மறுப்பு. தற்காலிகம் என்பதால் போஸ்ட்ஃபிக்ஸ் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். நாம் எதையும் மாற்றாவிட்டால் 5 நாள் வரை வைத்திருக்கும், அதுவரை அனுப்பியவருக்கு ஒரு வார்த்தை சொல்லாது. அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

அப்போதும் முதலாளி விடவில்லை. “காலைல ஆறு மணிக்கு முன்னாடின்னு போட்டிருக்கு, அந்நேரம் இது எங்க ஆபீஸ்ல இருந்துச்சு?” என்றார். சர்வர் கடிகாரம் யூடிசியில், அதாவது இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரத்தில், ஓடியது. ஐந்தரை மணி நேரம் கூட்டினால் அந்தப் பிள்ளை சொன்ன பதினொரு மணிக் கணக்கு சரியாக வந்தது. உங்கள் லாகிலும் இதை முதலில் பாருங்கள்.

ரெஜெக்ஸில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். பெறுநர் முகவரி கோணக்குறிக்குள் இருக்கும். அதை <.*> என்று பிடித்தால், அதே வரியில் எதிர்முனை சொன்ன பதிலுக்குள் இன்னொரு கோணக்குறி இருந்தால் அதுவரை அள்ளிக்கொண்டு வந்துவிடும். <[^>]*> என்று எழுதினால் முதல் மூடும் குறியில் நிற்கும். அடுத்தது, பெறுநருக்கு ‘டு=’ (to=) என்று மட்டும் தேடினால், முதலில் எழுதிய முகவரியைக் காட்டும் ‘ஒரிஜ்_டு=’ (orig_to=) என்பதும் சிக்கும். முன்னால் ஓர் இடைவெளி சேர்த்துத் தேடுங்கள்.

வரிகளை எண்ணிவிட்டு “இத்தனை மெயில் போகவில்லை” என்று அறிக்கை கொடுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு வரி விழும். பழைய லாக் சுருக்கப்பட்டு ஜிஜெட் (gz) கோப்பாக இருந்தால், விரிக்காமலே தேடும் இசட்கிரெப் (zgrep) போதும்.

“இதற்கு பிஎஃப்லாக்சம் (போஸ்ட்ஃபிக்ஸ் லாகைத் தொகுத்துத் தரும் கருவி) இருக்கிறதே, பைதானில் நிரல் எழுதலாமே” என்று சொல்ல வருபவர்களுக்கு: தாராளமாகச் செய்யலாம், நானும் பிஎஃப்லாக்சம் வைத்திருக்கிறேன். அது மொத்தக் கணக்குக்கு நல்லது. ஒருவர் எதிரில் கண் கலங்கி நிற்கும்போது, ஒரு மெயிலுக்கு என்ன ஆனது என்பதை வரி வரியாகக் காட்ட கிரெப்தான் கைகொடுத்தது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்தக் கட்டடக்காரர் கடைசியில் போட்டது இயந்திரத்தில் பூ அச்சடித்த செராமிக். அதை “ஆத்தங்குடி டிசைன்” என்று விற்கிறார்கள். கையால் ஊற்றுகிறவர்களின் ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்கிறார்கள், கூலியை மட்டும் கொடுப்பதில்லை. கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

சர்வர் உங்கள் கையில் இருந்தால் தாமத எச்சரிக்கையை 4 மணி நேரத்துக்கு வைத்துவிடுங்கள், அனுப்பியவருக்கே தகவல் போகும். ரெஜெக்ஸ் இன்னும் சிக்கவில்லை என்றால் மாதிரி வரி இரண்டு இங்கே போடுங்கள், முகவரிகளை மட்டும் மாற்றிவிட்டு. பார்த்துச் சொல்கிறேன்.