கனிவான நாயகர்கள்: அறிவியல் புனைவுப் படங்கள் குறித்துக் கேள்வி பதில்

கேள்வி: கனிவான ஹீரோ என்றால் சண்டையே போடாதவன் என்று அர்த்தமா?

பதில்: இல்லவே இல்லை. ‘மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோடு’ (2015) முழுக்க அடிதடிதான். அதில் ஒரு இரவுக் காட்சி. எதிரியின் வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு நெருங்குகிறது. மிஞ்சியிருப்பதோ சில தோட்டாக்கள். மேக்ஸ் சுடுகிறான், குறி தப்புகிறது. உடனே துப்பாக்கியை உடன் வரும் ஃபியூரியோசாவிடம் கொடுத்துவிடுகிறான். அவள் அவன் தோளிலேயே குழலைத் தாங்கவைத்துச் சுடுகிறாள், விளக்கு சிதறுகிறது. அவன் முகத்தில் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. படத்தின் பெயரே அவனுடையது, இருந்தும் தன்னைவிட நன்றாகச் சுடுகிறவள் பக்கத்தில் இருக்கிறாள் என்பதை இயல்பாக எடுத்துக்கொள்கிறான். பெண்களைத் தன் உடைமையாகப் பூட்டிவைத்திருக்கும் வில்லன் இம்மார்ட்டன் ஜோவை இவனுக்கு எதிரே நிறுத்தியது சும்மா இல்லை.

கேள்வி: துப்பாக்கியையே தொடாத ஹீரோ உண்டா?

பதில்: உண்டு. ‘சில்ட்ரன் ஆஃப் மென்’ (2006) படத்தின் தியோ. 18 வருடங்களாக உலகில் குழந்தையே பிறக்கவில்லை. ஒரு கர்ப்பிணியைப் போர்க்களத்தின் வழியே கூட்டிப்போக வேண்டும். பிரசவமும் அவன்தான் பார்க்கிறான். கடைசிவரை துப்பாக்கி அவன் கைக்கு வருவதில்லை. பாதிப் படத்தில் காலில் சரியான ஷூகூடக் கிடையாது.

கேள்வி: ‘ஸ்டார் வார்ஸ்’ லூக் ஸ்கைவாக்கர் கடைசியில் வாளைத் தூக்கி எறிகிறாரே, அது கோழைத்தனம் இல்லையா சார்?

பதில்: அதற்கு முந்தைய நிமிடத்தை மறந்துவிட்டீர்கள். ‘ரிட்டர்ன் ஆஃப் த ஜெடை’ (1983) படத்தில், லூக்கின் அப்பாவும் வில்லனுமான வேடர் தங்கையை வைத்து மிரட்டியதும் லூக் வெறிபிடித்தவனைப்போலப் பாய்ந்து அப்பாவின் கையையே வெட்டிவிடுகிறான். அங்கே தெரிவது இயந்திரக் கை. தன்னுடையதும் அப்படித்தான். அதைப் பார்த்த பிறகுதான் வாளை எறிகிறான். தோற்கும்போது ஆயுதத்தைப் போட்டால் நீங்கள் சொல்வது சரி. இவன் ஜெயித்துவிட்டு எறிகிறான். விலையும் உடனே கொடுக்கிறான், வேடரின் எஜமானான பேரரசரின் மின்னல் அவனைச் சுருட்டிப்போடுகிறது.

கேள்வி: ‘இன்டர்ஸ்டெல்லர்’ கூப்பர் அழுவதைப் பார்த்து நானும் அழுதேன். அவர்தானே சரியான உதாரணம்?

பதில்: அழுகையை வைத்து மட்டும் மார்க் போடாதீர்கள். விண்வெளிப் பயணத்தில் அவர் இறங்கும் ஒரு கோளில் ஒரு மணி நேரம் பூமியில் ஏழு வருடம். திரும்பி வந்தால் 23 வருடச் செய்திகள் குவிந்துகிடக்கின்றன. அருமையான காட்சி, மறுக்கவில்லை. ஆனால் போகாதே என்று மகள் கெஞ்சியபோது கிளம்பிப் போனவரும் அவர்தான். படம் அதை மறைக்காமல் காட்டுகிறது என்பதால் எனக்குப் பிடிக்கும்.

கேள்வி: ‘பாசஞ்சர்ஸ்’ (2016) ஜிம் பாவம் இல்லையா? தனிமையில் ஒருவன் எவ்வளவுதான் தாங்குவான்?

பதில்: பாவம்தான். விண்கலத்தில் எல்லோரும் நீண்ட உறக்கத்தில் இருக்க, அவன் மட்டும் முன்கூட்டியே விழித்துவிடுகிறான். அதற்காக, தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை எழுப்பி அவள் வாழ்நாளை எடுத்துக்கொள்ளலாமா? பயணம் முடிய இன்னும் சுமார் 90 வருடம் இருக்கிறது என்று தெரிந்தேதான் செய்கிறான். அப்புறம் கருவி கோளாறு என்று அவள் நம்பும்படி விட்டுவிடுகிறான். அவளுக்கு உண்மை தெரியவருவதுகூட அவன் வாயால் இல்லை, மதுக்கூட ரோபோ உளறித்தான். நச்சு ஆண்மை, அதாவது பிறரை அடக்கி ஆளும் ஆண்தனம், எப்போதும் மீசையை முறுக்கிக்கொண்டு வராது. இப்படிச் சோகமான கண்களோடும் வரும்.

கேள்வி: நம் ‘எந்திரன்’ சிட்டியை எதில் சேர்ப்பீர்கள்?

பதில்: நல்ல கேள்வி. உணர்வு வருவதற்கு முன்பே சிட்டி உயிர்களைக் காப்பாற்றுகிறது. தீப்பிடித்த கட்டடத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண்ணை, அவள் மறுத்தும் அப்படியே கேமராக்களுக்கு முன் தூக்கி வந்துவிடுகிறது. அவமானத்தில் ஓடியவள் வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். நல்ல எண்ணம் இருந்தது, எதிரில் இருப்பவளின் மனதைப் பார்க்கத் தெரியவில்லை.

அதைச் சரிசெய்யத்தான் வசீகரன் உணர்வுகளைக் கற்றுக்கொடுக்கிறார். ஆனால் சிட்டி கற்றுக்கொண்டது ஆசைப்பட மட்டும். சனா முடியாது என்கிறாள், அதை ஏற்கிற பக்குவம் வரவில்லை. சிவப்பு சிப்பை வைத்து எல்லாப் பழியையும் வில்லன் விஞ்ஞானி போராவின் மேல் போடுவது சுலபம். விரிசல் அதற்கு முன்பே விழுந்துவிட்டது. இன்னொன்று, கற்றுக்கொடுத்தவர் யார்? ஆய்வகமே கதி என்று கிடந்து காதலியைத் திரும்பிப் பார்க்காதவர். (இதைச் சொன்னால் ரஜினி ரசிகர்கள் என்னை அடிக்க வருவார்கள். நானும் ரசிகன்தான்.)

ஆனாலும் முடிவில் நீதிமன்ற உத்தரவை ஏற்று, தன் உறுப்புகளைத் தானே கழற்றிவைக்கும் காட்சி இருக்கிறதே, அங்கே சிட்டி எந்த மனித ஹீரோவையும் தாண்டிவிடுகிறது.

கேள்வி: ‘டெர்மினேட்டர் 2’வில் இயந்திரத்தை நல்ல அப்பா என்கிறார்கள். கட்டளைக்குக் கீழ்ப்படிவது எப்படிக் கருணையாகும்?

பதில்: ஆகாதுதான். யாரையும் கொல்லமாட்டேன் என்று, தான் காக்க வந்த சிறுவன் ஜானுக்குச் சத்தியம் செய்துவிட்டுக் காலில் சுடுவதுவரை எல்லாம் கட்டளைதான். கடைசியில் கதை மாறுகிறது. போகக்கூடாது என்று ஜான் அழுதுகொண்டே உத்தரவு போடுகிறான். இயந்திரம் முதல்முறையாக அதை மீறி உருகிய எஃகுக்குள் இறங்குகிறது. அந்த மீறலுக்குத்தான் என் ஓட்டு.

கேள்வி: பத்து வயதுப் பையனுக்கு இதில் எதைக் காட்டலாம்?

பதில்: மேலே சொன்னவற்றில் பல அவனுக்கு இப்போது வேண்டாம். ‘தி அயர்ன் ஜயன்ட்’ (1999) போடுங்கள். ஆயுதமாகவே செய்யப்பட்ட ராட்சத ரோபோ, நான் துப்பாக்கி இல்லை என்று முடிவெடுக்கும் கதை. பையனைத் தனியாக விட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள், ஏவுகணை வரும் இடத்தில் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டியிருக்கும்.