மரத்தடியில் நடந்தால் மனபாரம் குறையுமா?

கேள்வி: கணவர் காலமான பிறகு மாடிக் குடியிருப்பில் தனியாக இருக்கிறேன். மகள் ஜோகன்னஸ்பர்க்கில். ராத்திரி தூக்கமில்லை, திடீர் திடீரென்று படபடப்பு வருகிறது. "பார்க்கில் நடங்கம்மா" என்கிறார் டாக்டர். எங்கள் பக்கத்துப் பார்க் புதர் மண்டிக் கிடக்கிறது, போகவே பயம். மரத்தைப் பார்த்தால் கவலை குறையும் என்பதெல்லாம் உண்மையா?
– வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: உண்மைதான் அம்மா. ஆனால் உங்கள் பயமும் நியாயமானது. பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தால் படபடப்பு கூடத்தான் செய்யும். மனநலப் பிரிவில் நர்ஸாக இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பார்க்குக்குத் தனியாகப் போகாதீர்கள்.

போக முடியாத நாளில் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, மரம் தெரிகிற பக்கமாக உட்காருங்கள். பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்களைப் பற்றி ரோஜர் உல்ரிச் 1984இல் எழுதிய ஆய்வு ஒன்று உண்டு. செங்கல் சுவரையே பார்த்துப் படுத்திருந்தவர்களைவிட, ஜன்னலில் மரம் தெரிந்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நடந்தது. குப்பை சேர்ந்த காலிமனைகளைச் சுத்தம் செய்து, புல் விதைத்து, சில மரங்களை நட்டு, ஆள் உள்ளே போய்வரும்படி தாழ்வான மரவேலி போட்டார்கள். 2018இல் வெளியான முடிவின்படி, எதுவும் செய்யாத மனைகளின் பக்கம் இருந்தவர்களோடு ஒப்பிட்டால், இங்கே மனச்சோர்வு இருப்பதாகச் சொன்னவர்கள் 40 சதவீதத்துக்கு மேல் குறைந்தார்கள். ஏழைகள் வாழும் பகுதிகளில் பலன் இன்னும் அதிகம். குப்பையை மட்டும் அள்ளிவிட்டுப் போன இடங்களில் அப்படிப் பெரிய மாற்றமில்லை. நம் ஆட்கள் இதைக் கவனிக்க வேண்டும். டர்பனின் காட்டோ மேனர் பகுதியில் தோட்டம் போட்டுப் பிழைத்த எத்தனை இந்தியக் குடும்பங்களை, நிறவெறி ஆட்சியின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தைச் சொல்லிக் கிளப்பிச் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள்! அவர்கள் பிள்ளைகள் நிழலும் புல்வெளியும் கேட்பதில் என்ன தப்பு?

சரி, இப்போதைக்குச் செய்யக்கூடியது. கோயிலில் பழக்கமான பெண்கள் மூன்று நான்கு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டாக்சிக்குப் பணம் பிரித்துப் போட்டு, 1849இல் தொடங்கிய டர்பன் தாவரவியல் பூங்காவுக்குப் போய் வாருங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. வேகமாக நடக்க வேண்டியதில்லை, உட்கார்ந்திருந்தாலும் போதும். பசுமையான இடத்தில் 20 முதல் 30 நிமிடம் இருந்தால் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் நன்றாக இறங்குவதை மிச்சிகனில் அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் போன் பார்க்கக் கூடாது என்பதும் அவர்கள் வைத்த நிபந்தனை, நீங்களும் அதைப் பையிலேயே வைத்துவிடுங்கள்.

தூக்கமின்மையும் படபடப்பும் வாரக்கணக்கில் நீடித்தால் கிளினிக்கில் ரத்த அழுத்தம், தைராய்டு இரண்டையும் பார்த்துவிடுங்கள், மரத்தை நம்பி அதைத் தள்ளிப்போட வேண்டாம். வாழ்வதே பாரம் என்று தோன்றினால் அன்றைக்கே டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அப்புறம் அந்தப் பார்க். புதரை வெட்டி, விளக்கும் பெஞ்சும் போடச் சொல்லி வார்டு கவுன்சிலருக்கு மனு எழுதுங்கள். உங்கள் பிளாக்கில் எல்லார் கையெழுத்தையும் வாங்குங்கள். மகள் ஊரிலிருந்து வரும்போது மனுவை டைப் செய்து தரட்டும்.