வீட்டை விற்றுவிட்டுத் தாய்லாந்தில் குடியேறலாமா?

கேள்வி: எனக்கு 58 வயது, மனைவிக்கு 47. 60-ல் ஓய்வு பெறுகிறேன். வரப்போகும் பென்ஷன் இப்போது வாழும் ஊரில் பற்றாது. ஜனவரியில் தாய்லாந்தின் சியாங் மாய் நகரத்தில் இரண்டு வாரம் தங்கிவிட்டு வந்தோம், இருவருக்கும் ரொம்பவே பிடித்துவிட்டது. கணக்குப் போட்டால் இங்கே ஆகும் செலவில் பாதிதான் வருகிறது (எக்செல் தாளை அனுப்பியிருக்கிறேன்). இருக்கும் வீட்டை விற்று அங்கேயே ஒன்று வாங்கிவிடலாமா?

பதில்: போங்கள். வீட்டை மட்டும் இப்போது விற்காதீர்கள்.

உங்கள் எக்செல் தாளில் கரன்ட், சாப்பாடு, இன்டர்நெட், ஸ்கூட்டர் பெட்ரோல் வரை இருக்கிறது. விசாவுக்காக முடங்கும் பணம், மருத்துவக் காப்பீடு, திரும்பி வர நேர்ந்தால் ஆகும் செலவு, இந்த மூன்றும் இல்லை. இவற்றையும் சேர்த்தால் ‘பாதி’ நிற்காது.

முதலில் விசா. தாய்லாந்தில் ஓய்வுக்கால விசாவுக்கு 50 வயது ஆகியிருக்க வேண்டும். அந்நாட்டு வங்கியில் 8 லட்சம் பாட் (தாய்லாந்து நாணயம்) வைக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். வங்கி வழியில் போனால், புதுப்பிப்பதற்கு 2 மாதம் முன்பும் 3 மாதம் பின்பும் முழுத் தொகையும் கணக்கில் இருக்க வேண்டும். மற்ற மாதங்களிலும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆக, 4 லட்சம் பாட்டை நீங்கள் அங்கே இருக்கும்வரை தொடவே முடியாது. அதைச் சேமிப்பு என்று எழுதாதீர்கள், நுழைவுக் கட்டணம் என்று எழுதுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். 60-ல் நீங்கள் போகும்போது மனைவிக்கு 49. அவர் உங்களைச் சார்ந்தவராகத்தான் அங்கே தங்க முடியும். உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவருடைய அனுமதிக்கும் அடிப்படை போய்விடும். உங்கள் பெயரில் மட்டும் இருக்கும் வங்கிக் கணக்கும் முடங்கும். இப்படி ஒரு குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன்: கணவர் போன மறுவாரம், காரியச் செலவுக்கே அந்த அம்மா மகனிடம் பணம் கேட்க வேண்டியதாயிற்று. பணம் இல்லாமல் இல்லை, எடுக்கத்தான் முடியவில்லை.

அடுத்து, நாணய மதிப்பு. 2006-ல் ஒரு பிரிட்டிஷ் பவுண்டுக்கு 70 பாட் அளவில் கிடைத்தது. 2019-ல் 40-க்கும் கீழே போய்விட்டது. மாதம் 1,000 பவுண்டு பென்ஷனை நம்பி 70,000 பாட் கணக்கோடு போனவருக்கு, அங்கே விலைவாசி ஏறாமலே கிட்டத்தட்ட பாதி வருமானம் போனது. மேலே சொன்ன 65,000 பாட் தகுதியும் கூடவே போனது. பிரிட்டிஷ் அரசு பென்ஷன் வேறு தாய்லாந்தில் வாழ்பவர்களுக்கு ஆண்டுதோறும் உயராது; பிலிப்பைன்ஸில் இருந்தால் உயரும்! உங்கள் பென்ஷன் எந்த நாட்டிலிருந்து வந்தாலும், வெளிநாட்டில் இருந்தால் பஞ்சப்படி தொடருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கணக்கையும் இன்றைய மாற்று விகிதத்தில் 30 சதவீதம் குறைத்து ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

சட்டமும் மாறும். தாய்லாந்தில் ஒரு வருடத்தில் 180 நாள் தங்கினாலே வரி செலுத்த வேண்டியவராகிவிடுவீர்கள். 2024 ஜனவரி 1-லிருந்து, வெளிநாட்டு வருமானத்தை அங்கே கொண்டுவந்தால் வரிக் கணக்கில் சேரும். மலேசியா 2021-ல் தன் நீண்டகால விசாவுக்கான மாத வருமானத் தகுதியை 10,000 ரிங்கிட்டிலிருந்து ஒரேயடியாக 40,000 ஆக்கியது, பிறகு மறுபடியும் மாற்றியது. எனவே, ‘இருபது வருடம் இப்படியே இருக்கும்’ என்று எந்த நாட்டையும் நம்பித் திட்டம் போடாதீர்கள்.

காப்பீட்டைக் கிளம்பும் முன்பே எடுங்கள். வயது ஏற ஏற பிரீமியம் ஏறும், ஒரு வயதுக்கு மேல் புதிதாகத் தரவே மாட்டார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காதீர்கள். பில் வரும்போதுதான் பழைய ஃபைலைத் தோண்டுவார்கள்.

சரி, வீடு. வெளிநாட்டவர் தாய்லாந்தில் பொதுவாக நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடிக் கட்டடத்தில் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரைதான் வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். வாங்குவது சுலபம், அவசரத்துக்கு விற்பதுதான் கஷ்டம். இன்னொன்று, நீங்கள் பார்த்தது ஜனவரி சியாங் மாய். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வயல் எரிப்பும் காட்டுத் தீயும் சேர்ந்து ஊரே புகைக்குள் கிடக்கும். உலகிலேயே காற்று மோசமான நகரங்களின் பட்டியலில் முதலிடத்துக்குப் போகும் நாட்களும் உண்டு. மார்ச்சில் ஒருமுறை போய்த் தங்கிப் பாருங்கள்.

என் யோசனை இது. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, அங்கே வாடகைக்கு ஒரு வருடம் இருங்கள். அந்த வருடத்திலேயே மனைவிக்கு 50 ஆகிவிடும். அப்போது அவர் பெயரில் தனி வங்கிக் கணக்கு, தனி விசா எடுங்கள். அதற்காக இன்னொரு 8 லட்சம் பாட் முடங்கும். அதைத் தாங்க முடிகிறதா என்று பார்த்த பிறகு வீட்டை விற்கும் பேச்சை எடுக்கலாம்.