கொலராடோவில் லிமிடெட் எல்க் டேக்குக்கு விண்ணப்பிக்கும் முன் ஒரு யூனிட்டை எப்படி ஆராய்வது?

"டென்வரில் இருக்கிறேன். கையில் 6 பாயிண்ட் இருக்கிறது. ரைஃபிளில் ஆண் எல்க் வேட்டைக்குப் போக ஆசை. யூனிட் 2, 10, 201 என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதற்குப் போடலாம்?" இதுதான் கேள்வியின் சாரம். எல்க் என்பது ஒரு பெரிய மான் இனம். டேக் என்பது அதை வேட்டையாடும் அனுமதிச் சீட்டு; லிமிடெட் டேக் குலுக்கலில்தான் கிடைக்கும். அது கிடைக்காத ஆண்டுகளில் சேரும் முன்னுரிமைப் புள்ளிதான் பாயிண்ட். யூனிட் என்பது மாநிலத்தைப் பிரித்து எண் கொடுத்த வேட்டைப் பகுதி.

முதலில் அந்த மூன்று எண்களையும் ஓரமாக வையுங்கள். மாநிலத்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் அந்த யூனிட்டுகளின் ரைஃபிள் ஆண் எல்க் டேக்குக்கு ஆறு பாயிண்ட் கிட்டக்கூட நெருங்காது. அதைவிட முக்கியமான விஷயம், யூனிட்டைத் தனியாக ஆராய்வதில் பயனில்லை என்பது. நீங்கள் விண்ணப்பிப்பது ஒரு ஹன்ட் கோடுக்கு. ஈ-எம்-061-ஓ1-ஆர் என்று ஒரு குறியீடு இருந்தால், 'ஈ' எல்க், 'எம்' ஆண், 061 யூனிட், 'ஓ1' முதல் ரைஃபிள் சீசன், 'ஆர்' ரைஃபிள். அதே யூனிட்டில் செப்டம்பர் வில்வேட்டைக்கு ஒரு குறியீடு, நவம்பர் நான்காம் சீசனுக்கு வேறொரு குறியீடு. மான் நிற்கும் இடம், கூட்டம், பாதை, பனி, தேவைப்படும் பாயிண்ட் எல்லாமே இரண்டுக்கும் வேறு. "நல்ல யூனிட்" என்று யாராவது சொன்னால், எந்தத் தேதியில், எந்த ஆயுதத்துக்கு என்று கேட்டுவிட்டுத்தான் காது கொடுக்க வேண்டும்.

பலரும் பாயிண்ட் பட்டியலில் தொடங்கி வரைபடத்தில் முடிக்கிறார்கள். அதைத் தலைகீழாகச் செய்வதுதான் சரி. உங்கள் கால்கள், உங்கள் விடுமுறை, இறைச்சியை இறக்கும் வழி, இவற்றிலிருந்து தொடங்குங்கள். அக்டோபர் நடுவில் வரும் முதல் ரைஃபிள் சீசன் ஐந்தே நாள். அடுத்து வரும் இரண்டாவது ஒன்பது நாள், ஆனால் கூட்டம் அதிகம். நான்காவது நவம்பர் பிற்பகுதியில், மறுபடியும் ஐந்து நாள். குளிர் கடுமையாக இருக்கும், காட்டுச் சாலைகள் பனியில் மூடியிருக்கலாம்.

இறைச்சிக் கணக்கை இங்கேயே போட்டுவிடுங்கள், ஏனென்றால் யூனிட்டின் பாதிப் பரப்பை இதுவே கழித்துவிடும். வளர்ந்த ஆண் எல்க் ஒன்றில் எலும்பு நீக்கிய இறைச்சி சுமார் 200 பவுண்டு தேறும். ஒரு சுமைக்கு 50 முதல் 60 பவுண்டு என்றால் தனி ஆளுக்கு நான்கு சுமை. மான் விழுந்த இடம் வண்டியிலிருந்து இரண்டு மைல் என்றால், இறைச்சியை எடுக்க மட்டும் நான்கு முறை இறக்கம், மூன்று முறை ஏற்றம், மொத்தம் 14 மைல். அதுவும் 9,500 அடி உயரத்தில். கொம்பும் தலையும் இதில் சேரவில்லை. உண்ணத் தகுந்த இறைச்சியைக் காட்டிலேயே விட்டுவருவது சட்டப்படி குற்றம். ஆகவே குதிரையோ கூட்டாளியோ இல்லாதவர், சாலையிலிருந்து இரண்டு மைலுக்கு அப்பால் உள்ளதைத் தனக்கான இடமாக எண்ணவே கூடாது.

இனி மான். செப்டம்பரில் இணைசேரும் காலம். ஆண்கள் பெண் கூட்டத்தோடு ஆஸ்பென் காடுகளிலும் மரம் வளரும் உயர எல்லையை ஒட்டிய புல்வெளிகளிலும் இருக்கும், குரலும் கொடுக்கும். அக்டோபர் நடுவில் அந்தப் பரபரப்பு அடங்கிவிடும். உடல் இளைத்துக் களைத்த பெரிய ஆண்கள் கூட்டத்தை விட்டுப் பிரிந்து, ஆள் நடமாட்டம் இல்லாத சின்னச் சின்ன இடுக்குகளில் போய் முடங்கும். நவம்பரில் பனி ஆழமானால் கீழிறங்கும். பனி குறைவான ஆண்டில் மேலேயே நின்றுவிடும். மாநில வனவிலங்குத் துறை, அதாவது சிபிடபிள்யூ, இணையத்தில் ஹன்டிங் அட்லஸ் என்ற வரைபடம் வைத்திருக்கிறது. கோடையில் கூடும் இடம், குளிர்கால மேய்ச்சல், கடுங்குளிர்கால மேய்ச்சல், இடம்பெயரும் தடம் எல்லாம் அதில் தனித்தனி அடுக்குகளாக உண்டு. உங்கள் சீசன் தேதிக்குப் பொருந்தும் அடுக்கை மட்டும் போட்டு, அதன் மேல் பொதுநில அடுக்கைப் போட்டுப் பாருங்கள். யூனிட்டில் 70 சதவீதம் பொதுநிலமாக இருந்து, நவம்பரில் மான் நிற்கும் பள்ளத்தாக்கு முழுக்கத் தனியார் பண்ணையாக இருந்தால், அந்த 70 சதவீதத்தால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

பொதுநிலத்திலும் வகைகள் உண்டு. தேசிய வனமும், கூட்டாட்சி அரசின் நில மேலாண்மைத் துறையான பிஎல்எம்மின் நிலமும் பொதுவாகத் திறந்தவை. மாநில அரசு வருமானத்துக்காக வைத்திருக்கும் டிரஸ்ட் நிலம் அப்படியல்ல. வேட்டைக்கு என்று சேர்க்கப்பட்ட துண்டுகளுக்குள் மட்டும்தான் போகலாம். வரைபடத்தில் அதன் நிறத்தைப் பார்த்துப் பொதுநிலம் என்று நினைத்து இறங்குகிறவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். தனியார் நிலத்தில் "உள்ளே வராதே" பலகை இல்லாவிட்டாலும் அனுமதி வாங்க வேண்டியது வேட்டைக்காரரின் பொறுப்பு. சுற்றிலும் தனியார் நிலம் சூழ்ந்த பொதுநிலத் துண்டுகளையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆன்எக்ஸ் போன்ற செயலிகளில் எல்லைக் கோடு தெரியும். சாலை அந்தக் கோட்டைத் தொடும் இடத்தில் பூட்டிய கேட் இருக்கிறதா என்பது தெரியாது. அதற்கு வனத்துறை இலவசமாகத் தரும் மோட்டார் வாகன வரைபடம் வேண்டும். ஒவ்வொரு சாலையும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை திறந்திருக்கும் என்று அதில் இருக்கும். அதில் இல்லாத தடத்தில் வண்டி ஓட்டக் கூடாது.

இப்போது ஒரு சரிவை மட்டும் எடுத்துக்கொண்டு உற்றுப் பாருங்கள். 40 அடிக்கு ஒரு கோடு போட்ட உயர வரைபடத்தில், வடக்கு நோக்கிய செங்குத்துச் சரிவில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருக்கும். நடுவில் ஓரிடத்தில் இரண்டு கோடுகள் திடீரென விலகி, இருநூறு முந்நூறு அடிக்கு இடைவெளி விட்டு, மறுபடி நெருங்கும். அந்த இடைவெளி மலைச்சரிவில் வெட்டி வைத்த திண்ணை மாதிரி ஒரு சமதளம். செயற்கைக்கோள் படத்தில் அதே இடம் கறுத்த ஊசியிலைக் காடாகத் தெரிந்து, கால் மைலுக்குள் சின்னப் புல்வெளியும் ஊற்றும் இருந்து, சாலை ஒரு மைலுக்கு அப்பால் இருந்தால், அக்டோபரில் ஆண் எல்க் பகலில் படுக்கும் இடம் இப்படித்தான் இருக்கும். ஒரு ஹன்ட் கோடின் பரப்புக்குள் உங்கள் கால் எட்டும் தூரத்தில் இப்படிப் பத்துப் பன்னிரண்டு இடங்களைக் குறிக்க முடியாவிட்டால், அந்த ஹன்ட் கோடு உங்களுக்கானதல்ல. ஐந்து நாளில் காற்று மாறும், இன்னொருவர் முன்னால் போய் நிற்பார், பாதி இடம் வீணாகும். மூன்றே இடங்களை நம்பிப் போகிறவர் இரண்டாம் நாள் மாலையே சாலையோரம் உலாவத் தொடங்கிவிடுவார்.

காட்டுத்தீ எரித்த பரப்பையும் பாருங்கள். 2020-இல் கேமரன் பீக், ஈஸ்ட் டிரபிள்சம் என்ற இரண்டு தீக்களும் ஏறத்தாழ இரண்டு லட்சம் ஏக்கர் வீதம் எரித்தன. சில ஆண்டுகளில் அங்கே புல்லும் இளஞ்செடியும் வரும், மானும் வரும். கூடவே கருகிய மரங்கள் விழத் தொடங்கும். குறுக்கும் நெடுக்குமாக மரம் விழுந்து கிடக்கும் காட்டில் மணிக்கு அரை மைல் நடப்பதே பெரும்பாடு. காற்று பலமாக இருக்கும் நாளில் உள்ளே போகவே கூடாது. வண்டு தின்று செத்த லாட்ஜ்போல் பைன் என்ற ஊசியிலை மரக் காட்டிலும் இதே கதைதான்.

அடுத்து எண்கள். சிபிடபிள்யூ ஆண்டுதோறும் வேட்டை அறுவடை அறிக்கை வெளியிடுகிறது. அதில் வெற்றி சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பெண் எல்க் டேக்கும் சேர்ந்த சதவீதமா, ஆணுக்கு மட்டுமா என்று பாருங்கள். தனியார் பண்ணை அதிகமுள்ள யூனிட்டில் சதவீதம் உயர்ந்து நிற்கும்; பொதுநிலத்தில் நடக்கிறவருக்கு அதில் பங்கு குறைவு. இன்னொரு கணக்கு உதவும். உதாரணத்துக்கு, 150 பேர் 900 நாள் வேட்டையாடி 30 மான் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். வெற்றி 20 சதவீதம். ஆளுக்கு 6 நாள். ஒரு மானுக்கு 30 ஆள்நாள். பக்கத்து யூனிட்டில் அதே 20 சதவீதம், ஆனால் மானுக்கு 18 ஆள்நாள் என்றால், அங்கே நான்கு நாள்கூட முடியுமுன் அதே பலன் கிடைத்திருக்கிறது. ஐந்து நாள் சீசனுக்குப் போகிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. வேட்டைக்காரர்களிடம் கேட்டுத் திரட்டி மதிப்பிட்ட எண்கள் இவை. நாற்பது ஐம்பது பேர் மட்டும் போகும் சிறிய யூனிட்டில் ஒரே ஆண்டின் எண்ணை நம்ப முடியாது. மூன்று முதல் ஐந்து ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

மந்தை மதிப்பீட்டில் 100 பெண்ணுக்கு எத்தனை ஆண் என்ற விகிதம் இருக்கும். விகிதம் அதிகம் என்றால் மான் அதிகம் என்று பொருளல்ல; பெண்கள் குறைந்தாலும் விகிதம் ஏறும். மொத்த எண்ணிக்கையையும் ஒதுக்கீட்டையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். 2022-23 குளிர்காலம் வடமேற்கு கொலராடோவில் எல்க், மியூல் மான், பிராங்ஹார்ன் என்ற மான் போன்ற விலங்கு ஆகியவற்றின் மந்தைகளைக் கடுமையாகத் தாக்கியது. துறை டேக்குகளைக் குறைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு எண்களை வைத்து அந்தப் பகுதியைக் கணிப்பது தவறு.

இதற்கெல்லாம் பிறகுதான் குலுக்கல் அறிக்கை. ஒவ்வொரு ஹன்ட் கோடுக்கும் எத்தனை பாயிண்ட் உள்ளவர் எத்தனை பேர் போட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று வரிசையாக இருக்கும். மேலிருந்து கீழே படியுங்கள். 7 பாயிண்ட்டில் 12 பேர் போட்டு 12 பேருக்கும் கிடைத்து, 6 பாயிண்ட்டில் 30 பேர் போட்டு 10 பேருக்குக் கிடைத்திருந்தால், உங்கள் வாய்ப்பு மூன்றில் ஒன்று. மாநிலவாசி வரிசையைப் பார்க்கிறீர்களா, வெளியாள் வரிசையையா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒதுக்கீட்டில் நில உரிமையாளர்களுக்கு ஒரு பங்கு முதலிலேயே போய்விடும் என்பதையும் மறக்க வேண்டாம். ஐந்து ஆண்டு அறிக்கைகளைப் பார்த்து, தேவைப்படும் பாயிண்ட் ஆண்டுக்கு ஒன்று வீதம் ஏறுகிறது என்றால் அந்த வரிசையிலிருந்து விலகுங்கள். நீங்கள் ஒரு படி ஏற, அதுவும் ஒரு படி ஏறும், பிடிக்கவே முடியாது.

அதிகப் பாயிண்ட் கேட்கும் சில ஹன்ட் கோடுகளில் ஒரு சிறு பங்கு, பாயிண்ட் வரிசை பார்க்காத ஹைப்ரிட் குலுக்கலுக்குப் போகிறது. குறைந்தது 5 பாயிண்ட் இருந்தால் அதில் உங்கள் பெயரும் சேரும். வாய்ப்பு மிகக் குறைவு என்று தெரிந்தே போடுங்கள். விண்ணப்பத்தில் விருப்பங்களை வரிசைப்படுத்திப் போடுவீர்கள். முதல் விருப்பத்தில் டேக் விழுந்தால் பாயிண்ட் முழுக்கப் பூஜ்யமாகிவிடும். 2 பாயிண்ட் போதுமான கோடுக்கு உங்கள் ஆறும் போகும். இரண்டாம் விருப்பத்தில் விழுந்தால் பாயிண்ட் குறையாது. ஆகவே முதல் விருப்பத்தில் பாயிண்ட் மட்டும் சேர்க்கும் ஈ-பி-999-99-பி, இரண்டாவதில் முதல் விருப்பக்காரர்கள் எடுத்தபின் மிச்சம் விழும் கோடு என்று போட்டால், இந்த ஆண்டு வேட்டையும் கிடைக்கும், பாயிண்ட்டும் ஏழாகும். முதல் தடவை எல்க் வேட்டைக்குப் போகிறவருக்கு என் பரிந்துரை இதுதான். நண்பரோடு குழுவாகப் போட்டால், குழுவில் யாருக்குக் குறைந்த பாயிண்ட்டோ அதுதான் எல்லோருக்கும்.

பிப்ரவரி, மார்ச்சில் அந்தப் பகுதியின் துறை உயிரியலாளரையும் மாவட்ட வனவிலங்கு அதிகாரியையும் போனில் அழையுங்கள். "எல்க் எங்கே இருக்கும்?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். வரைபடத்தை முன்னால் விரித்துவைத்து, "பனி இல்லாத முதல் சீசனில் இந்த ஓடைக்கு மேலே நிற்குமா? ஓர் அடி பனி விழுந்தால் கிழக்கே இறங்குமா, தெற்கேயா? ஒதுக்கீட்டை இந்த ஆண்டு கூட்டுகிறீர்களா, குறைக்கிறீர்களா?" என்று கேளுங்கள். வீட்டுப்பாடம் செய்தவர் என்று தெரிந்தால் அவர்கள் நேரம் ஒதுக்கிப் பேசுவார்கள். வன ரேஞ்சர் அலுவலகத்தில் சாலை மூடல், மரவெட்டு, செம்மறி மந்தைகளின் மேய்ச்சல் இடம் மூன்றையும் விசாரியுங்கள். மந்தை மேயும் மேட்டில் எல்க் தங்குவது குறைவு.

நேரில் பார்ப்பது என்றால், விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஆண்டு, அதே சீசனின் அதே வாரத்தில் போங்கள். டேக் தேவையில்லை, பைனாகுலரும் ஆரஞ்சு உடுப்பும் போதும். சீசன் தொடங்கும் முந்தின நாள் மாலை ஒவ்வொரு பாதை முனையிலும் நிற்கும் வண்டிகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ஜூலையில் பார்த்த மானை நம்பி நவம்பருக்குத் திட்டம் போடுவதைவிட இது பல மடங்கு பயனுள்ளது.

சட்டத்தில் சில. 1949 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவருக்கு வேட்டைக் கல்விச் சான்று வேண்டும். மாநிலவாசி என்று போட ஆறு மாதம் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முன்பே, குலுக்கலில் சேரும் தகுதியைத் தரும் லைசென்ஸ் ஒன்றை வாங்கியிருக்க வேண்டும். எச்-1பி போன்ற விசாவில் இருக்கும் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது: கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக உங்களுக்குத் துப்பாக்கியை அனுமதிப்பதில்லை, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. துப்பாக்கியைத் தொடுமுன் ஒரு வழக்கறிஞரிடம் உங்கள் நிலையைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

கடைசித் தேதி ஏப்ரல் முதல் செவ்வாய். குறியீட்டைக் கையேட்டில் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள்: 'ஓ1' என்பதில் இருப்பது எழுத்து, பூஜ்யம் அல்ல. அந்த இடத்தில் 'பி' என்று தொடங்கினால் அது தனியார் நிலத்துக்கு மட்டுமான டேக். பண்ணை அனுமதி இல்லாமல் அது விழுந்தால் பாயிண்ட்டும் போய் வேட்டையும் இல்லை. சில குறியீடுகள் பக்கத்து யூனிட்டுகளுக்கும் செல்லும், எவை என்று அதே வரியில் இருக்கும். அனுப்பியபின் வரும் உறுதிச் சீட்டை மறுநாள் இன்னொரு முறை படியுங்கள். தவறு இருந்தால் கடைசித் தேதிவரை திருத்த முடியும்.