நகையை அடகு வைத்து ஒரு வருடக் கட்டணம் கட்டலாமா?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது, ஆட்டிசம் இருக்கிறது. பேசுவான், படிப்பான், மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடத்தான் வராது. திருச்சியில் ஒரு தெரபி சென்டரில் சமூகத் திறன் குழு வகுப்பு நடத்துகிறார்கள். மாதம் 8,000 ரூபாய். வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 96,000-க்குப் பதில் 78,000 போதுமாம். இடையில் நின்றால் பணம் திரும்பாது. கணவர் சம்பளம் 52,000. நகையை அடகு வைத்துக் கட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம் சகோதரி. பையனைச் சேருங்கள், நகையை வைக்காதீர்கள்.

18,000 மிச்சம் என்பது பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. நகைக் கடனுக்கு 12 சதவீதம் என்று வைத்தால், ஒரு வருட வட்டி மட்டும் 9,360 ரூபாய். மொத்தச் செலவு 87,360. அதாவது, பையன் பதினோரு மாதம் முழுசாகப் போனால்தான் உங்களுக்கு லாபமே ஆரம்பிக்கும். நடுவில் காய்ச்சல் வரும், கோடை விடுமுறை வரும், பழகிய தெரபிஸ்ட் வேலையை விட்டுப் போவார். புது ஆளோடு ஒட்ட ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு நாள் பிடிக்கும். சில பிள்ளைகளுக்கு அந்தக் குழுவே ஒத்துவராமலும் போகலாம்.

மாதாமாதம் கட்டுங்கள். சேரும்போதே, மூன்று மாதத்தில் என்ன மாற்றம் எதிர்பார்க்கலாம் என்று கேளுங்கள். ‘சமூகத் திறன் வளரும்’ என்ற பதில் போதாது. ‘கேரம் ஆடும்போது தன் முறை வரும்வரை ஸ்ட்ரைக்கரைத் தொடாமல் இருப்பான், தோற்றால் எழுந்து ஓட மாட்டான்’ என்கிற அளவுக்குச் சொல்ல வேண்டும். அப்போதுதான் வீட்டில் நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

அதைவிட முக்கியம், பெற்றோருக்கும் சொல்லித் தருகிறார்களா என்பது. வகுப்பறையில் பழகியது தெருவிலும் பள்ளியிலும் தானாக வந்துவிடாது. அமெரிக்காவில் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் பதின்வயதுப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய ‘பியர்ஸ்’ சமூகத் திறன் பயிற்சியில், அவர்கள் கற்கும் அதே நேரத்தில் பெற்றோருக்கும் தனி வகுப்பு நடக்கிறது. பெற்றோரை வாசலோடு நிறுத்தும் சென்டருக்கு 8,000 ரொம்ப அதிகம்.

அப்புறம், மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கிவிட்டீர்களா? அது இருந்தால் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் ‘நிராமயா’ காப்பீட்டில் சேரலாம். பிரீமியம் வருடத்துக்குச் சில நூறு ரூபாய்தான், 1 லட்சம் வரை காப்பீடு, முன்கூட்டியே மருத்துவப் பரிசோதனை கிடையாது. தெரபிக்குத் தனி வரம்பு உண்டு. முழுக் கட்டணமும் திரும்பாது, ஒரு பகுதி கிடைக்கலாம். அதனால் ஒவ்வொரு மாதமும் பையன் பெயர் போட்ட ரசீது வாங்கி வையுங்கள். (டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு மட்டும் உள்ள பிள்ளைகளுக்கு நிராமயா பொருந்தாது. இது மற்ற வாசகர்களுக்காக.)

மாற்றுத்திறனாளிப் பிள்ளையைப் பராமரிப்பவருக்கு வருமான வரியில் 80டிடி பிரிவின்படி 75,000 ரூபாய் கழிவு உண்டு என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அது பழைய வரி முறையில் மட்டும். உங்கள் கணவர் சம்பளத்துக்குப் புதிய முறையில் வரியே வராது. அதற்காக மாற வேண்டாம்.

பேச்சுப் பயிற்சிக்கும் வெளியே பணம் கட்டுகிறீர்கள் என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அங்கே 18 வயது வரை சேவை இலவசம். அதில் மிஞ்சும் பணத்தைக் குழு வகுப்புக்குத் திருப்பலாம். சென்டரிடமும், மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.