பத்தாவது ஜோடியும் முதல் ஜோடி மாதிரி ஒலிக்குமா?

கேள்வி: ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பல வருடங்களாக மாலை நேரத்திலும் விடுமுறையிலும் ஸ்பீக்கர் செய்வதுதான் என் பைத்தியம். பெட்டி, கனத்த ஒலியையும் கீச்சொலியையும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் சர்க்யூட் எல்லாம் நானே. நண்பர்களுக்கு ஆறு ஜோடி, ஆறும் ஆறு டிசைன், பொருள் காசை மட்டும் வாங்கிக்கொண்டு செய்து கொடுத்தேன். "கடையில் கிடைப்பதைவிட நன்றாக இருக்கிறது, இதையே தொழிலாகச் செய்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு இறங்கலாமா? என்ன விலை வைப்பது? கேட்கிறவர் விருப்பத்துக்கு ஏற்றபடி செய்து கொடுக்கலாமா? ஆம்ப்ளிஃபயரை உள்ளேயே வைத்துச் செய்தால்தான் இப்போது விற்குமா? தொழிலுக்கு ஒரு பெயரும் யோசித்து வைத்திருக்கிறேன். மனைவி "ஒரு வருடம் பொறுங்கள்" என்கிறார்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: வேலையை இப்போது விடாதீர்கள். உங்கள் மனைவி சொன்ன ஒரு வருடம் சரியான கணக்கு, ஆனால் அதைச் சும்மா காத்திருந்து கழித்தால் பிரயோஜனம் இல்லை. ஒரே டிசைனில் பத்து ஜோடி செய்யுங்கள். பத்தும் ஒன்றுபோல ஒலிக்கிறதா என்று அளந்து பாருங்கள், அப்புறம், ஏழாவது ஜோடிக்கு அதே பலகையை அதே அளவில் வெட்டிக்கொண்டு நிற்கும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்பதையும் கவனியுங்கள். ஏனென்றால் நீங்கள் இதுவரை ரசித்தது முழுக்கப் புது டிசைனின் சுகம். தொழிலில் அந்தச் சுகம் வருடத்துக்கு ஒரு முறை வந்தால் பெரிய விஷயம். மற்ற நாளெல்லாம் வெட்டுவது, ஒட்டுவது, தேய்ப்பது, அளப்பது, அட்டைப்பெட்டியில் கட்டுவது, "எப்போது அனுப்புவீர்கள்" என்ற கேள்விக்குப் பதில் எழுதுவது. ஆறு ஜோடிக்கு ஆறு டிசைன் போட்டவருக்கு இது பிடிக்குமா என்பது எனக்கு நிஜமாகவே சந்தேகம். பிடிக்கவில்லை என்று தெரிந்தால் அதில் கேவலம் ஒன்றும் இல்லை, மாலை நேரப் பைத்தியமாகவே வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றுபோல இருப்பதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், பிபிசி தன் ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற குட்டி ஸ்பீக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 1970களில் அதைச் செய்ய ரோஜர்ஸ், ஸ்பென்டார் என்று வெவ்வேறு கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்தார்கள். யார் செய்தாலும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. கீச்சொலி தரும் ட்வீட்டர் என்பது ஒன்றுக்கொன்று கொஞ்சம் கூடக் குறைய இருக்கத்தான் செய்யும் என்று தெரிந்து, அதன் அளவைச் சரிக்கட்டுவதற்காகவே கிராஸ்ஓவரில் இணைப்பை மாற்றிக்கொள்ளும்படி பல முனைகள் வைத்திருந்தார்கள். இன்றைக்கும் அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதை வீட்டிலேயே செய்ய முடியுமா என்றால் தாராளமாக முடியும், எதிரொலி இல்லாத சோதனை அறையெல்லாம் தேவையில்லை. உங்களுக்கே திருப்தியான ஒரு ஸ்பீக்கரை எடுத்து 'மூலம்' என்று எழுதி ஒட்டி வைத்துவிடுங்கள். அதை யாருக்கும் விற்கக் கூடாது, எவ்வளவு கெஞ்சினாலும் சரி. ஸ்டாண்டு நிற்கும் இடத்தையும் மைக் நிற்கும் இடத்தையும் தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு, முதலில் மூலத்தை அளந்து, உடனே அதே இடத்தில் புதியதை வைத்து அளந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். அறையின் குளறுபடி இரண்டு அளவிலும் ஒன்றாகத்தான் இருக்கும், கழித்தால் போய்விடும். வித்தியாசம் 1 டெசிபெலுக்குள் நின்றால் அனுப்பலாம். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் ஒலியை அளப்பதற்கென்றே விற்கும் சாதாரண மைக் ஒன்றும் இதற்குப் போதும்.

அதே மென்பொருளில், மதிப்பு தெரிந்த ஒரு ரெசிஸ்டரையும் சவுண்ட் கார்டையும் வைத்து இம்பீடன்ஸ் (ஒவ்வொரு அலைவரிசையிலும் ஸ்பீக்கர் மின்சாரத்துக்குக் காட்டும் தடை) வரைகோடு எடுக்கலாம், சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒரு நிமிடம்கூட ஆகாது. மூடிய பெட்டி என்றால் பாஸ் பக்கம் ஒரு மேடு தெரியும். துளை வைத்த பெட்டி என்றால் இரண்டு மேடு, நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளம் நிற்கும் இடம்தான் துளையின் ட்யூனிங், அதாவது துளை பாஸுக்குக் கைகொடுக்கும் அலைவரிசை. ஒரு மூலையில் பசை சரியாகப் பிடிக்காமல் காற்று கசிந்தாலோ, கனத்த ஒலி தரும் வூஃபருக்கு அடியில் வைக்கும் மெல்லிய ரப்பர் பட்டை ஒரு பக்கம் விலகியிருந்தாலோ மேடுகளின் உயரமும் இடமும் மூலத்தோடு ஒத்துப்போகாது. சில நூறு ஹெர்ட்ஸில் சிறு சுருக்கம் ஒன்று புதிதாகத் தெரிந்தால் பெட்டிக்குள் ஏதோ அதிர்கிறது, அல்லது பஞ்சு போட மறந்துவிட்டீர்கள் என்று பொருள். ட்வீட்டரின் பிளஸ், மைனஸ் வயரை மாற்றிக் கொடுத்திருந்தால் இதில் தெரியாது, மைக்கில்தான் தெரியும், கிராஸ்ஓவர் ஆகும் இடத்தில் பள்ளம் விழும். அவசரத்தில் வயர் மாறுவது எல்லோருக்கும் நடப்பதுதான், கேட்டுக் கண்டுபிடித்துவிடலாம் என்று காதை மட்டும் நம்பாதீர்கள். கிராஸ்ஓவரில் போடும் கேபாசிட்டர்களின் மதிப்பில் 5, 10 சதவீதம் முன்னே பின்னே இருப்பது சகஜம், எல்சிஆர் மீட்டரில் அளந்து இடதுக்கும் வலதுக்கும் ஒத்த மதிப்பாகப் பொறுக்கிப் போடுங்கள்.

சரி, நண்பர்கள் பாராட்டு. பொருள் காசுக்குச் செய்து கொடுத்தவரிடம் யாரும் குறை சொல்லமாட்டார்கள், அதை விட்டுவிடுவோம். கடை ஸ்பீக்கரோடு ஒப்பிட்டபோது சத்தத்தைச் சமப்படுத்தினீர்களா? ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலித்தாலே கேட்பவருக்கு "இதில் தெளிவு அதிகம்" என்று தோன்றும், சத்தம் அதிகம் என்று தோன்றாது. பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலை ஓட்டி, உட்காரும் இடத்தில் மைக்கை வைத்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, மெல்லிய துணியால் இரண்டையும் மறைத்துவிட்டு, உங்களைத் தெரியாத நாலு பேரைக் கேட்க வையுங்கள். அவர்கள் சொல்வதுதான் கருத்து. அதுவும் "நன்றாக இருக்கிறது" என்பதை ஏற்காதீர்கள். "இந்த விலை கொடுத்து வாங்குவீர்களா, முன்பணம் தருவீர்களா" என்று கேளுங்கள், அங்கேதான் பலருக்கும் பேச்சு மாறும்.

கேட்கிறவர் விருப்பத்துக்கு ஏற்றபடி செய்து கொடுக்கும் யோசனையை மட்டும் தயவுசெய்து மறந்துவிடுங்கள். ஒருவருக்குக் கறுப்பு வேண்டும், இன்னொருவருக்குத் தேக்கு வெனீர் வேண்டும் என்றால் செய்யலாம், அது மேல்பூச்சு. "கொஞ்சம் அகலம் குறைத்துக் கொடுங்கள்" என்று ஒருவர் சொன்னால் அப்படி இல்லை, முன்பலகையின் அகலம் குறைந்தாலே ஒலி எந்த அலைவரிசையில் பின்பக்கம் வளைந்து பரவ ஆரம்பிக்கிறது என்பது மாறிவிடும், கிராஸ்ஓவரைத் திரும்பப் போட வேண்டும், அந்த உழைப்புக்கு அவர் காசு தரமாட்டார். பால் கிளிப்ஷ் என்ற ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் 1946ல் அமெரிக்காவில் ஹோப் என்ற சிற்றூரில் தகரக் கொட்டகை ஒன்றில் தொழிலைத் தொடங்கியபோது கையில் இருந்தது அறை மூலையில் வைக்கிற ஒரே ஒரு ஹார்ன் ஸ்பீக்கர்தான். சின்னச் சின்ன மாற்றங்களோடு அந்த மாடல் இன்றும் விற்பனையில் இருக்கிறது. நீங்களும் ஒன்றில் நில்லுங்கள். உங்கள் ஆறில் எதை இரண்டாவது ஆள் தானாகக் கேட்டு வந்தாரோ அது.

உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் வைப்பது விற்கத்தான் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் மின்சாரத்தில் நேராகச் செருகும் பொருள் என்றதும் மின்பாதுகாப்புச் சோதனை, சான்றிதழ், வெளியே கசியும் மின்காந்த இரைச்சல் என்று ஒரு தனி உலகம் வந்துவிடுகிறது, ஒவ்வொரு நாட்டிலும் அதற்கு விதியும் செலவும் உண்டு. வெறும் ஸ்பீக்கர், அதாவது பின்னால் இரண்டு முனை மட்டும் உள்ளது, பெரும்பாலும் இந்த வம்பில் மாட்டாது. போர்டு கெட்டுப்போய் ஒரு கனத்த பெட்டி திரும்பி வரும் தலைவலியும் இல்லை. முதல் இரண்டு வருடத்துக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள் என்பேன்.

விலைக்கு வருவோம். கணக்குப் பிரிவில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனால் சொந்தப் பைத்தியம் என்று வந்துவிட்டால் கணக்குப் பிள்ளைகளும் தங்கள் கூலியை எழுத மறந்துவிடுகிறார்கள். வூஃபர், ட்வீட்டர், காயில், பலகை இதெல்லாம் எல்லோரும் எழுதுவார்கள். பசை, உப்புத்தாள், வீணாய்ப் போன வெனீர் துண்டு, அட்டைப்பெட்டி, உள்ளே வைக்கும் நுரை, வாரண்டியில் மாற்றிக் கொடுக்கப்போகும் ட்வீட்டர், இதெல்லாம் விட்டுப்போகும். ஒரு ஜோடிக்கு 30 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், மாதம் 160 மணி நேரம் உழைத்தால் ஐந்து ஜோடி. பாதி நேரம் பட்டறைக்கு வெளியே போகும் என்பதால் நிஜத்தில் இரண்டு, அதிகம் போனால் மூன்று. அந்த மூன்று ஜோடியில் வருவது உங்கள் இப்போதைய சம்பளத்துக்கு ஈடாகுமா? ஆகாவிட்டால் விலை தப்பு, அல்லது 30 மணி நேரம் தப்பு. பொருள் செலவைப் போல மூன்று நான்கு மடங்கு விலை வைப்பது சிறு தயாரிப்பாளர்களிடையே ஒரு தோராயக் கணக்கு, கேட்கக் கொள்ளை மாதிரி இருக்கும், கூலியையும் திரும்பி வருவதையும் எழுதிப் பார்த்தால் அப்படி இருக்காது. நாளைக்கு ஒரு கடைக்காரர் விற்றுத் தருகிறேன் என்று வந்தால் அவருக்கு மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலேயோ விட வேண்டும். இன்று நண்பர் விலைக்கு விற்றுவிட்டு அன்றைக்கு ஏற்றினால் ஏற்கனவே வாங்கியவர்களே சண்டைக்கு வருவார்கள்.

30 மணி நேரத்தைக் குறைக்க ஒரே வழி, பெட்டி வெட்டும் வேலையை, கணினி சொல்படி வெட்டும் சிஎன்சி மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுவது. கையால் வெட்டினால்தான் கைவேலை என்ற வீம்பு வேண்டாம், வாங்குகிறவர் கேட்பது ஒலியை. பத்து ஜோடிக்கான பலகையும் ஒரே நாளில் ஒரே அளவில் வந்து நிற்கும்போது ஒன்றுபோல இருப்பது என்ற தலைவலியில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். எம்டிஎஃப் (மரநாரைப் பசையோடு அழுத்திய பலகை) தூசி நுரையீரலுக்கு ஆகாது என்பது இன்னொரு காரணம். மரத்தூசியையும், அந்தப் பலகையின் பசையில் இருக்கும் ஃபார்மால்டிஹைடையும் புற்றுநோய் உண்டாக்குபவை என்றே உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. வீட்டில் தேய்த்தாலும் முகமூடியும் தூசி உறிஞ்சியும் இல்லாமல் தேய்க்காதீர்கள்.

வூஃபரையும் ட்வீட்டரையும் பத்து ஜோடிக்கு ஒரே தடவையாக, ஒரே தொகுப்பிலிருந்து வாங்குங்கள், கூடவே ஒரு ஜோடி உபரி. தயாரிப்பாளர்கள் ஒரு மாடலை நிறுத்தும்போது உங்களைக் கேட்டுக்கொண்டு நிறுத்தமாட்டார்கள். இதற்குப் பணம் முதலில் முடங்கும், அந்தப் பணத்தைக் கடன் வாங்கிப் போடாதீர்கள். அது வரை கைச்செலவுக்குப் பழைய ஸ்பீக்கர் ரிப்பேர் நல்ல வழி. வூஃபரைச் சுற்றியிருக்கும் நுரை வளையம் 10, 20 வருடத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும், கோனும் காயிலும் நன்றாகத்தான் இருக்கும். வளையம் மாற்றிக் கொடுக்க ஆள் கிடைக்காமல் அலைகிறவர்கள் நிறைய. அவர்கள்தான் பின்னால் புது ஸ்பீக்கரும் வாங்குவார்கள்.

விற்கும்போது கொடுக்கும் அளவுத்தாளில் மட்டும் பொய் வேண்டாம். இம்பீடன்ஸ் 8 ஓம் என்று எழுதினால் எந்த அலைவரிசையிலும் அதன் 80 சதவீதத்துக்குக் கீழே, அதாவது 6.4 ஓமுக்குக் கீழே போகக் கூடாது என்பது ஐஈசி 60268-5 என்ற தரவிதி. எவ்வளவு சத்தம் வருகிறது என்று அளக்க வழக்கமாகக் கொடுக்கும் 2.83 வோல்ட் என்பது 8 ஓமில் 1 வாட், 4 ஓமில் 2 வாட். 4 ஓம் ஸ்பீக்கரை அந்த வோல்ட்டில் அளந்துவிட்டு '1 வாட்டுக்கு' என்று போடுகிறவர்கள் 3 டெசிபெலைச் சும்மா ஏற்றிக்கொள்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் அளந்து பார்த்தால் உங்கள் பெயர் கெட்டுவிடும். வாங்கியவர் சுவரோடு ஒட்டித்தான் வைப்பார், நீங்கள் எவ்வளவு சொன்னாலும். அதனால் துளையை அடைக்க ஒரு நுரைத் தக்கையை ஜோடியோடு சேர்த்தே அனுப்புங்கள், "பாஸ் கும்கும் என்கிறது" என்ற கடிதம் பாதியாகக் குறையும்.

அனுப்புவதைப் பற்றி ஒரே ஒரு சோதனை. கட்டி முடித்த பெட்டியை இடுப்பு உயரத்திலிருந்து மூலை கீழே படும்படி நீங்களே போட்டுப் பாருங்கள். மனசு கேட்கவில்லை என்றால் பேக்கிங் போதாது.

யோசித்து வைத்திருக்கும் பெயரை அச்சடிக்கும் முன்னால் வேறு யாராவது பதிவு செய்திருக்கிறார்களா என்று பாருங்கள், அதற்குமேல் அதில் மெனக்கெட வேண்டாம். பின்பக்கம் ஒட்டும் சின்னத் தகடுதான் அவசியம்: வரிசை எண், செய்த மாதம், வூஃபர் வந்த தொகுப்பு. அதே எண்ணில் அந்த ஜோடியின் மைக் அளவு, இம்பீடன்ஸ் என்ற இரண்டு வரைகோடுகளையும் கணினியில் சேமித்துவிடுங்கள். மூன்று வருடம் கழித்து ஒருவர் "இடது பக்கம் மட்டும் மந்தமாக இருக்கிறது" என்று எழுதும்போது, எந்த ட்வீட்டரை அனுப்ப வேண்டும் என்று அன்றைக்கு நீங்கள் யோசிக்க வேண்டியிருக்காது.